பின்னறைக்குப் போன வயர்

மாப்பிள்ளை, பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் ஒருவரும் நம்பப் போகாத கதையைச் சத்தியம் செய்து சொல்லப் போகிறேன். உங்கள் பீரோ மேலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். திறந்ததும் புது பிளாஸ்டிக் வாசனை. நீங்கள் ஆசையாய் வாங்கி, என்னோடு மல்லுக்கட்டி, மூடி வைத்த இரண்டாவது ரவுட்டர்.

முன்கூடத்து ரவுட்டரின் சிக்னல் பின்னறைக்கு எட்டவில்லை என்றுதான் அதை வாங்கி வந்தீர்கள். போன்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையைப் பழையது ஒன்றே பார்க்கட்டும், புதியதில் நிறுத்திவிடுங்கள் என்றேன். உங்களுக்குப் பொறுக்கவில்லை.

"வூட்டுக்கு வந்தத சும்மா உக்கார வெக்கறதா மச்சான்? அதுவும் நாலு பேருக்குக் குடுக்கட்டுங்க."

இரண்டும் கொடுத்தன. இரண்டு போனுக்கு ஒரே முகவரி. நெட் படுத்த படுக்கையானது; சித்தேரி மலையே எழுந்து வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனது. புதியது பெட்டிக்குள் போனது.

நீங்கள் போனபிறகு தங்கை பின்னறையிலேயே இருக்கிறாள். உங்களைக் கிடத்தியிருந்த கூடத்தில் கால் வைப்பதில்லை. சமையலறைக்கும் கொல்லைப்பக்கமாகச் சுற்றித்தான் போகிறாள். மலையடியில் செல்போனில் குரல் மட்டும் வரும், படம் வராது. வெளிநாட்டிலிருந்து உங்கள் மகள் தினமும் என்னைக் கேட்டாள்: "அம்மா மூஞ்சியக் காட்டுங்க மாமா. நல்லாருக்கறேன்னுதான் சொல்லுது. எனக்கு நம்பிக்கையில்ல."

ஆகவே களத்தில் இறங்கினேன். முந்நூறு மைல் வயர் வாங்கினேன். அது ஊரை ஏழு சுற்றுச் சுற்றியது. பொம்மிடியில் இரண்டு ரயில்கள் தடுக்கி நின்றன. பிறகு புதிய ரவுட்டரில் அந்த முகவரி வேலையை நிறுத்தப் போனேன். நீங்கள் வந்து தடுப்பீர்கள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் தடுக்கவில்லை. நிறுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மகள் திரையில் வந்தாள்.

"எளைச்சிட்டியேம்மா."

"வெளிச்சம் பத்தல, அதான்," என்றாள் தங்கை. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, "ஹாலு வழியாவா வயர இழுத்தண்ணா?" என்று கேட்டாள். டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மலை வந்தது பொய், மாப்பிள்ளை. ரயில் பொய், முந்நூறு மைலும் பொய். சுற்றியது மட்டும் உண்மை. கூடத்துக்குள் பத்தடி நடந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் வெளியே நின்று, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுத்தான் பழைய ரவுட்டரில் வயரைச் செருகினேன். அது வீட்டை முழுதாய்ச் சுற்றிக்கொண்டு பின்னறைக்குப் போகிறது.