முப்பத்து நான்காம் வாய்ப்பாடு

புதுப்பட்டினம்
11-2-2004

அன்பு மகன் கார்த்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் கூடுவாஞ்சேரியில் உன் தங்கை ரேணுகாவும் அவள் வீட்டுக்காரர், பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே டொரண்டோவில் நீயும் மருமகள் சியாமளாவும் என் பேத்தி வைஷாலியும் அந்தப் பனியில் காய்ச்சல் சளி என்று படுக்காமல் இருக்க வேண்டும், அதுதான் தினமும் என் முதல் நினைப்பு. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ கார்டில் மிச்சமிருக்கும் நிமிஷத்தை எண்ணுகிறாய், நான் அந்த நிமிஷத்தை ரூபாயாக்கிப் பார்க்கிறேன், நடுவில் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நாலு நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் யாருமே பேசவில்லை. அப்புறம் நீ ஒன்று சொன்னாய், "நான்தான்ப்பா காசு பார்த்தேன், அம்மாவைப் பார்க்கல" என்று. அதற்குள் லைன் போய்விட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ரேணுகா என்னைக் கூடுவாஞ்சேரிக்கே வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாள். மாப்பிள்ளை காலை ஏழு மணி ரயிலைப் பிடித்தால் திரும்பி வர எட்டு மணி ஆகிறது, நான் அங்கே போய் யாரோடு பேசுவது, அவள் வீட்டு டிவியோடா. இங்கேயே ஒருவாறு பொங்கிச் சாப்பிடுகிறேன். ரசம் பரவாயில்லை, சாம்பார்தான் நாளுக்கு ஒரு நிறத்தில் வருகிறது. உன் மாமா கண்ணாயிரம் நெல் அறுத்துவிட்டான், இந்த வருஷம் விளைச்சல் சுமார். சிறுசேரிப் பக்கம் பெரிய கம்பெனிகள் வரப்போகிறதாம், நிலம் வைத்திருப்பவன் எல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிகிறான், உன் மாமாவுக்குத் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் நிலமாகப் போய்விட்டதில் வருத்தம். அம்மாவின் புடவைகளை ரேணுகா எடுத்துக்கொண்டு போனாள், அந்த மாம்பழ மஞ்சள் புடவையை மட்டும் சியாமளாவுக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

கார்த்தி, நீ டொரண்டோ போன நாளிலிருந்து நான் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். முப்பத்து நான்காம் வாய்ப்பாடு. பள்ளிக்கூடத்தில் பதினாறு வரைக்கும்தான் படித்தேன், பட்டறையில் முப்பத்து மூன்று வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. ஆனால் உன் ஊர் டாலர் முப்பத்து நான்கு ரூபாய் என்று தெரிந்ததும் அறுபது வயதில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினேன். நாலு மாதம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு அப்புறம் உனக்கு நல்ல வேலை கிடைத்தது, பிடித்தம் போகக் கைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் என்று சொன்னாயே, அன்று போனை வைப்பதற்குள் எண்பத்தைந்தாயிரம் என்று சொல்லிவிட்டேன். அதை அப்படியே பால் பூத்தில் சொன்னேன், பென்ஷன் வாங்கும் வரிசையில் சொன்னேன், கண்ணாயிரம் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். எண்பத்தைந்தாயிரம் என் வாயிலிருந்து வெளியே வரும்போது லட்சமாகிவிடும். வாடகை தொள்ளாயிரம் டாலர் என்றும் சொன்னாய், அதையும் பெருக்கிப் பார்த்தேன், முப்பதாயிரத்து அறுநூறு, ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முடி வெட்ட பன்னிரண்டு டாலர் என்றதும் நானூற்றெட்டு ரூபாயா என்று கத்தினேன், உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சியாமளா கையில் கத்திரிக்கோலைக் குடுக்கச் சொல்லு என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "இன்னாத்துக்குய்யா இங்க குந்திகினு பெருக்கிகினு கீற? டாலர்ல சம்பாரிக்கிறவனுக்கு டாலர்லதான் பசிக்கும்." எட்டாவது தாண்டாதவள். எனக்கு அன்று அது உறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் சம்பளத்தைச் சொல்லும்போது பெருக்கினேன், உன்னிடம் கேட்கும்போது மட்டும் வகுத்தேன். ஊர்க் கோவில் கும்பாபிஷேகத்துக்குப் பத்தாயிரம் எழுதுகிறேன் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டு வந்து, உனக்கு முந்நூறு டாலர்தானே என்று கேட்டேன். மறு பேச்சில்லாமல் அனுப்பினாய். கல்வெட்டில் உன் பெயர் இருக்கிறது. அந்த மாதம் வைஷாலிக்குப் பனி பூட்ஸ் வாங்க முடியாமல், பழைய ஷூவுக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றிப் பள்ளிக்கூடம் அனுப்பினதைச் சியாமளா ரேணுகாவுக்கு எழுதியிருக்கிறாள். ரேணுகா அதை எனக்கு இப்போதுதான் காட்டினாள். சியாமளாவைக் கோபிக்காதே, அவள் குறையாக எழுதவில்லை, வேடிக்கை போலத்தான் எழுதியிருந்தாள். எனக்குத்தான் வேடிக்கையாக இல்லை.

இப்போது டிசம்பர் மாதத்து விஷயம். அம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை சேர்த்தோம். நுரையீரலில் சளி கட்டி மூச்சு வாங்கியது. மறுநாள் காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெளியூரில் பிள்ளைகள் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றார். எதிர்த்த கடை பூத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ உடனே, இருங்கப்பா என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் கூட்டம், இரண்டாயிரத்து அறுநூறு டாலர் ஆகுது, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சீட் இருக்கு, வரட்டுமா என்றாய். எனக்கு முன்னால் மீட்டரில் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது. நான் பெருக்கினேன். எண்பத்தெட்டாயிரத்து நானூறு. ரேணுகா கல்யாணத்துக்கு மண்டபம், சாப்பாடு, மேளம் எல்லாம் சேர்த்துக்கூட எனக்கு அவ்வளவு ஆகவில்லை. அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வேண்டாம்ப்பா, அம்மா தேறிவிட்டாள், காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள், எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னேன். அப்பாடா என்று நீ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அவள் இட்லி சாப்பிடவில்லை கார்த்தி. எழுந்து உட்காரவும் இல்லை. டாக்டர் சொன்னதை நான் உன்னிடம் சொல்லவும் இல்லை. சனி, ஞாயிறும் நீ கேட்டபோதெல்லாம் அந்த இட்லியையே வைத்துச் சமாளித்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். நீ அந்த சீட்டில் ஏறியிருந்தால் திங்கட்கிழமை விடிவதற்குள் மீனம்பாக்கத்தில் இறங்கியிருப்பாய். ஒரு முழு நாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம். இதை எத்தனை தரம் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இந்த ஒரு நாள் வந்துகொண்டே இருக்கிறது. ஐஸ் பெட்டியில் வைத்து நீ வரும்வரை காத்திருக்கலாம் என்று கண்ணாயிரம் சொன்னான், அதையும் நான்தான் தடுத்தேன். இனி வந்து என்ன ஆகப்போகிறது என்றேன். கொள்ளி நான் வைத்தேன்.

மாமல்லபுரத்துக் கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டுத் திரும்பும்போது இளநீர்க் கடையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நின்றார்கள். கடைக்காரன் அவர்களிடம் எங்களுக்குச் சொன்னதைவிட மூன்று மடங்கு சொன்னான், அவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டு ஆளுக்கு இரண்டு குடித்தார்கள். இவர்கள் எல்லாவற்றையும் வகுத்துப் பார்க்கிறார்கள், அதனால் கை தாராளமாக இருக்கிறது, நாம் பெருக்கிப் பெருக்கியே கையைச் சுருக்கிக்கொள்கிறோம் என்று தோன்றியது. ஈர வேட்டியோடு நின்று இப்படி நினைத்தேன் பார், புத்தி கெட்டவன்.

பதினாறாம் நாள் சடங்கில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. காசியம்மாள் சித்திதான் ஆரம்பித்தாள். "லட்ச லட்சமா வாங்கிகினு கீறானாம், பெத்தவளுக்குக் கொள்ளி வெக்க ஒரு டிக்கெட்டு எடுக்க முடியலியா அவனுக்கு" என்றாள். கண்ணாயிரமும் கூடச் சேர்ந்துகொண்டான், அக்காள் போன வலி அவனுக்கு. அந்த லட்சம் நான் சொன்ன லட்சம். அந்த டிக்கெட்டும் நான் வேண்டாம் என்ற டிக்கெட். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு இலை போடுகிற இடத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பேச்சு உன் காதுக்கும் வந்திருக்கும், வராமல் இருக்குமா, நம் சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஐ.எஸ்.டி. கட்டணமே கிடையாது.

நேற்று கண்ணாயிரம் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன். களத்தில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தான். இட்லி முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த கட்டைக் கீழே போட்டான். அப்புறம், "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா மாமா உனுக்கு, அந்தப் புள்ளைய நான் இன்னா இன்னா பேசிட்டேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். உனக்குப் போன் பண்ணுவான். எடுத்துப் பேசு. காசியம்மாள் சித்தியிடமும் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறான், அவளிடம் சொன்னால் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. அதை எழுதத்தான் கை வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் பூத்திலிருந்து திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள், கார்த்தி இன்னா சொன்னான் என்று. வரேன்னான், நான்தான் வேண்டாம்னு சொன்னேன், டிக்கெட் எண்பத்தெட்டாயிரம் என்றேன். மெச்சிக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "டாலர்ல சொல்லு" என்றாள். சொன்னேன். "அவன் ஒரு மாச சம்பளம்தானேய்யா" என்றாள். "உங்கம்மாவுக்கு முடியலன்னு பம்பாய்லருந்து ஓடியாந்தியே, உனுக்கும் அப்போ ஒரு மாச சம்பளம்தானே போச்சு" என்றாள். அந்தக் கதை உனக்குத் தெரிந்திருக்காது. எழுபத்தொன்றில் நான் பம்பாய் டிராம்பேயில் வேலைப் பயிற்சியில் இருந்தேன், உன் பாட்டிக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது, லீவு சொல்லாமல் ரயில் ஏறினேன், ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். அதை நான் ஒரு நாளும் பெரிதாக நினைத்ததில்லை. அதைச் சொல்லிவிட்டு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நர்சிடம் பேசினாள், ரேணுகாவிடம் பேசினாள், பிள்ளைகளைப் படிக்கவை என்று சொன்னாள். என்னிடம் பேசவில்லை.

ஆகையால் உன் அம்மா உன் மேல் வருத்தத்தோடு போகவில்லை. நீ வரேன் என்று சொன்னது அவளுக்குத் தெரியும். வருத்தத்தோடு போனாள் என்றால் அது என் மேல். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணி, கடைசி நாலு நாள் பேசாமல் போய்விட்டாள். அது என் பங்கு, நான் வைத்துக்கொள்கிறேன். அதை நீ எடுத்துச் சுமக்காதே. காசு பார்த்தது நீ இல்லை.

தலைத் திவசம் வருகிற மார்கழி அமாவாசைக்கு. முடிந்தால் வா, டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வை, மூன்று பேரும் வர முடியாவிட்டால் நீ மட்டும் வா. முடியவில்லை என்றாலும் ஒன்றுமில்லை, எந்தத் தண்ணீரானாலும் சரி, அங்கே ஒரு ஏரிக்கரையில் நின்று அம்மா என்று கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்கும். இனி மாதா மாதம் எனக்குப் பணம் அனுப்பாதே, என் பென்ஷன் ஒரு ஆள் சாம்பாருக்குத் தாராளம். நேரத்துக்குச் சாப்பிடு, மத்தியானம் ரொட்டியை மட்டும் கடித்துக்கொண்டு இருக்காதே. சியாமளாவிடம் அந்த மஞ்சள் புடவை பத்திரமாக இருக்கிறது என்று சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நூறு வருஷம் இருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்திதான்.

மறக்காதே, வைஷாலிக்கு நல்லதாக ஒரு ஜோடி பனி பூட்ஸ் வாங்கு. என்ன விலை என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு
உன் அப்பா
வரதன்