அடுப்படி பேனுக்கு ஆகும் செலவு

எறையூர்,
மாசி மாதம், 1985

என் செல்ல மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது. கல்லங்குறிச்சிப் பெருமாள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பம்பாயில் சுகமாக இருப்பதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. சௌக்கியம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன் அம்மா, உன் தாயாருக்கு இளைப்பு விட்டபாடில்லை. பெரம்பலூர் டாக்டர் ஊசி போட்டு, அடுப்புப் புகை இனிமேல் நெஞ்சுக்குள் போகவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார்.

புகையை இழுக்க நீ அனுப்பிய பேனை ஒயர்மேன் வேணுகோபால் வந்து அடுப்படிச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். கரண்டுக்கு எவ்வளவு ஆகும், சேர்த்து மணியார்டர் பண்ணுகிறேன் என்று கேட்டிருந்தாயே, அவரையே உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். அது நாற்பது வாட்டாம், நம் முன்னறை பல்பு தின்கிற அளவுதான். இருபத்தைந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தினம் மூன்று மணி நேரம் அடுப்பு எரிந்தாலும் மாதம் நாலு யூனிட்டுக்குள் அடங்கிவிடும், யூனிட் அரை ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் இரண்டு ரூபாய். டாக்டரிடம் போய்வர பஸ்ஸுக்கே அதற்கு மேல் ஆகிறது. ஆனால் உன் அம்மா கூத்தைக் கேள். பேனைப் போட்டுவிட்டு மீட்டர் முன்னால் போய் நிற்கிறாள், சக்கரத்தின் சிவப்புக் கோடு ஒரு சுற்று வந்ததும் ஓடிப்போய் அணைத்துவிடுகிறாள். ஒரு சுற்று ஒரு யூனிட் என்று நினைத்திருக்கிறாள் மகராசி! நூற்றுக்கணக்கில் சுற்றினால்தான் ஒரு யூனிட் என்று தொண்டை வறளச் சொன்னேன். "எனக்கு ஒருத்திக்கு எதுக்குங்க அது ஓடணும், மலரு பாவம் சம்பாரிச்சு அனுப்புனது தேஞ்சு போயிடும்" என்கிறாள். கோபத்தில் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், பசிதான் மிச்சம். ஆனால் பக்கத்து வீட்டுப் பொன்னாயி வந்துவிட்டால், அடுப்பு அணைந்து கிடந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப் போய், "எம் பொண்ணு அனுப்புனது, பாருங்க" என்று ஓடவிட்டுக் காட்டுகிறாள். அப்போது மீட்டர் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

பார்த்தேன். மறுநாள் அவள் அடுப்பு பற்றவைத்த நேரம், வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்று, "வூட்ல யாருங்க, பம்பாய் பேனைப் பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேங்க" என்றேன். "இந்த மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று சிரித்துச் சிரித்து இருமினாள், ஆனாலும் சுவிட்சைப் போட்டாள். சோறு வடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து உன்னைப் பற்றியே விசாரித்தேன். உன் பேச்சை எடுத்தால் பேனை அணைக்க மறந்துவிடுகிறாள். அன்றிலிருந்து இரண்டு வேளையும் நான்தான் விருந்தாளி. இந்த வாரம் அவள் மூச்சு வாங்காமல் படுத்துத் தூங்குகிறாள் கண்ணு, அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பதே எனக்குப் போதும்.

மின்சார ரயிலில் வாசல் ஓரம் நிற்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தாயாரும் நானும் தலைதொட்டு ஆசீர்வதிக்கிறோம், மகராசியாக இரு. மணியார்டர் வேண்டாம். எனக்குத் தெரிந்த உன் கதையெல்லாம் தீர்ந்துபோய்விட்டது, நேற்று சோறு பாதி வேகும்போதே பேனை அணைத்துவிட்டாள். அதனால் கடுதாசி இரண்டு பக்கம் கூட்டி எழுது, அதுதான் பேனுக்கு ஆகும் செலவு.

உன் அப்பா,
ராசாங்கம்