அரிசி மாவு ஆப்பிள் பை

2003 டிசம்பர் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லார் வாயிலும் பிளம் கேக், கல்கல் பேச்சுதான். கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் ராயபுரத்தில் வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். எனக்கு அதில் ஒரு துண்டு ஆகாது. கோதுமை, மைதா, ரவை எது உள்ளே போனாலும் என் குடல் புண்ணாகிவிடுமாம். மருந்தே கிடையாதாம், தின்னாமல் இருப்பதுதான் மருந்தாம். இதைச் சொல்ல ஒரு டாக்டர், அதற்கு ஒரு ஃபீஸ்!

வியாதியைவிட வெட்கம்தான் கொல்கிறது. துறைமுக பஸ்ஸில் அன்று பேண்ட்டோடு... வேண்டாம். அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

டிசம்பர் 17, புதன்

சங்கமித்ரா இன்று தானாக வந்து என் எதிரில் நின்றாள். என் மகன் எபி காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த வியாசர்பாடிப் பெண். மருமகளாக வந்ததிலிருந்து தேவைக்கு மேல் நான் அவளிடம் பேசியதில்லை. புரசைவாக்கத்தில் ஒரு கேக் கடையில் வேலை செய்கிறாள்.

"மாமா, அரிசி மாவும் ஜவ்வரிசி மாவும் கலந்து ஆப்பிள் பை போடலாம். கிறிஸ்மஸுக்கு உங்களுக்கு செஞ்சி தரட்டா?"

பை என்றால் என்னவென்று கேட்டேன். மாவைக் கிண்ணம் மாதிரி தட்டி, உள்ளே பழத்தை வைத்து மூடி, ஓவன் அடுப்பில் வேகவைப்பதாம். "செய்யேன்" என்றேன். சந்தோஷம்மா என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் வாய் வெந்தா போயிருக்கும்?

டிசம்பர் 23, செவ்வாய்

லீவு போட்டிருந்ததால் மில்லுக்கு நானே அரிசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சங்கமித்ரா வாசல்வரை வந்து, "மாமா, மில்லுல ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள். "அரிசி அரைக்க எனக்குச் சொல்லித்தர வேணாம்" என்று நடையைக் கட்டினேன்.

மில்லில் பண்டிகைக் கூட்டம். எனக்கு முன்னால் ஒரு அம்மா முறுக்குக்கு அரிசி வைத்துக்கொண்டு நின்றாள். மில் வைத்திருக்கும் சௌக்கத் அலி, "சார், அவங்களுது ஓடட்டும், அப்புறமா உங்களுது" என்றான். யாரிடம்! அந்த அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லி என் டப்பாவைக் கொட்டவைத்துத்தான் வந்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

தின்றேன்! மேல்மாவு மொறுமொறுவென்று விண்டுபோயிற்று. உள்ளே ஆப்பிள் லவங்கப்பட்டை வாசனையோடு குழைந்து, புளிப்பும் தித்திப்புமாக. மூன்றாம் துண்டுக்குக் கை போனபோது என் மனைவி தேவகிருபை சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆப்பிள் சூடு என்று சமாளித்தேன். எல்லாரும் தின்கிற நாளில் நானும் தின்றேனே, அது போதும்.

டிசம்பர் 26, வெள்ளி

விடிந்ததிலிருந்து கக்கூஸே கதி. வயிற்றைப் பிசைகிறது, நிற்க முடியவில்லை.

கோதுமை. சந்தேகமே இல்லை.

பத்து மணிக்குச் சபை ஆட்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார்கள். ஹால் நிறைய ஆட்கள். அவர்கள் எதிரில் சங்கமித்ராவைக் கூப்பிட்டேன். "மைதா கலந்தியா? வியாதி நெசமா பொய்யான்னு பரீட்ச வெச்சியா?"

"இல்ல மாமா. மில்லுல உங்களுக்கு முன்னாடி..."

முடிக்க விடவில்லை. "வியாசர்பாடி புத்தி எங்க போவும்? உங்க ஆளுங்கள வூட்டுக்குள்ள விட்டதே தப்பு."

எழுதவே கை கூசுகிறது. ஆனால் சொன்னேன். சொல்லும்போது கூசவில்லை.

டிசம்பர் 27, சனி

எபியும் அவளும் பெட்டியோடு போய்விட்டார்கள். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தேவகிருபை சோறு போட்டாள். சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்க அப்பா எந்தத் தெருவுல பொறந்தாரு? மறந்துபோச்சா?"

என் அப்பா புளியந்தோப்பு. அவளுடைய ஆட்கள்தான் என் ஆட்களும். ஞானஸ்நானம் வாங்கி, ராயபுரத்துக்குக் குடிவந்து, அந்தச் சாதிப் பெயரையே வீட்டில் எடுக்காமல் என்னை வளர்த்தார். சபையில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே இத்தனை வருஷமும் விறைப்பாக நடந்தேன்.

2004 ஜனவரி 1, வியாழன்

புது வருஷம். வீட்டில் இரண்டு பேர்.

ஜனவரி 10, சனி

பொங்கலுக்கு முன்னால் மாவு வேண்டுமென்று தேவகிருபை மில்லுக்கு அனுப்பினாள். சௌக்கத் அலி என்னைக் கண்டதும் சிரித்தான்.

"இன்னா சார், இன்னிக்காவது நிப்பீங்களா? அன்னிக்கு கோதுமை ஓடின மிஷினு. அந்தம்மா அரிசி ஓடிச்சின்னா உள்ள ஒட்னதெல்லாம் போய்டும்னுதான் உங்கள நிக்க சொன்னேன். நீங்க எங்க கேட்டீங்க?"

என் மாவில் முன்னால் அரைத்த கோதுமை. நானே கொட்டவைத்தது. அவள் வாசலில் சொல்ல வந்தது இதைத்தான். ஹாலில் சொல்ல வந்ததும் இதைத்தான். இரண்டு தடவையும் வாயை அடைத்தேன்.

அரைக்காமலே வந்துவிட்டேன். ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன்!

ஜனவரி 11, ஞாயிறு

வியாசர்பாடிக்குக் கிளம்பினேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். போன முகத்தோடு வந்தேன். கோழை.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று போய்விட்டேன். ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. சங்கமித்ராவின் அம்மா பூவம்மாதான் கதவைத் திறந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் படி மிதித்ததில்லை நான்.

"வாங்க சம்மந்தி, குந்துங்க. டீ மட்டும் தரேன். பிஸ்கட்டு உங்களுக்கு ஆவாதுன்னு பாப்பா சொல்லிகீது."

திட்டியிருந்தால் தேவலை. டீயை வாங்கிக் குடித்தேன்.

சங்கமித்ரா வந்து நின்றாள். மில் கதையைச் சொன்னேன். மன்னிச்சிடும்மா என்றேன்.

"கோதுமைய பத்தி மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா நா அன்னிக்கே மறந்திருப்பேன் மாமா" என்றாள். "எங்க ஆளுங்கன்னு சொன்னீங்களே, அத அவ்ளோ பேர் எதிர்ல சொன்னீங்க. தப்புன்னு மட்டும் இங்க வந்து, என் ஒருத்தி எதிர்ல சொல்றீங்க."

எபி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் எழுந்து வரலாம் என்று சபைப் போதகர் ஐயர் கேட்டார். முன்பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். தேவகிருபை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுந்து போனேன்.

சாட்சி என்றால் வேலை கிடைத்தது, காய்ச்சல் போயிற்று என்று ஸ்தோத்திரம் சொல்வார்கள். நான் மைக்கைப் பிடித்து, என் மருமகள் மாவில் ஒன்றும் கலக்கவில்லை, கலந்தவன் நான் என்றேன். அவளைச் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். பிறகு, "என் தகப்பனார் புளியந்தோப்பில் பிறந்தவர். அவளுடைய ஜனம்தான் என் ஜனமும். அதை இங்கே மறைத்தே வாழ்ந்துவிட்டேன்" என்றேன். ஸ்தோத்திரம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தேவகிருபை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எங்கள் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் குடும்பம் இன்று பின்னால் போய் உட்கார்ந்தது. போகட்டும்.

போகட்டும் என்று எழுதிவிட்டேன். ஆனாலும் வலிக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

எபி போன் செய்து இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டான். போனோம். சபையில் நடந்தது அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது.

ராயபுரத்துக்குத் திரும்புகிற உத்தேசம் இல்லை என்று சங்கமித்ரா நேராகவே சொல்லிவிட்டாள். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். "நீங்க ரெண்டு பேரும் வாங்க மாமா. எப்ப வேணாலும் வாங்க. நா அங்க வர மாட்டேன்." சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த ஹாலில் எந்த முகத்தோடு அவளை உட்காரச் சொல்வேன்?

சாப்பாட்டுக்குப் பிறகு பை வந்தது. அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்தாளாம். பூவம்மா ஒரு புதுத் தட்டைக் கழுவி என் முன்னால் வைத்தாள். இந்தத் தடவை ஆப்பிளோடு கொய்யாவும் இருந்தது. ஒரு துண்டு தின்றேன். இரண்டாவதும் தின்றேன். அத்தனை ருசி. தலையை நிமிர்த்தாமலே தின்றேன்.

"இன்னொன்னு வெக்கட்டா மாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வெட்கமில்லாமல் தட்டை நீட்டினேன்.