செல்வியின் இடது கன்னம்

பங்குனி, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக எங்கள் ஆய்வுக் கட்டுரையைப் பல் எக்ஸ்ரே இதழுக்கு அனுப்பினேன். அது வெளியானால்தான் கல்லூரியில் பதவி உயர்வு.

மாலையில் என் மரக்காணம் கிளினிக்குக்கு உப்பளத்தில் வேலை செய்யும் செல்வி வந்தாள். கட்டுரையின் மூன்றாம் படம் அவளுடைய தாடை. "வலது பக்கம் ஆறிடுச்சா?" என்றேன்.

இடது கன்னத்தைத் தட்டிச் சிரித்தாள். "இன்னா டாக்டரம்மா, இந்தப் பக்கந்தானே கட்டி எடுத்தீங்க, மறந்துட்டீங்களா?"

அவளுடைய எக்ஸ்ரே பிலிமை ஸ்கேனரில் திருப்பி வைத்திருக்கிறேன்; படத்தில் இடது வலதாகிவிட்டது. கட்டுரைக்கான எல்லாப் பிலிம்களையும் அதே நாளில்தான் ஸ்கேன் செய்தேன். எத்தனை திரும்பியிருக்குமோ. எந்தப் பக்கத் தாடை அதிகம் கெடுகிறது என்பதுதான் கட்டுரையே.

கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதிய பேராசிரியருக்குப் போன் செய்தேன். "விடும்மா, செல்வியா அதைப் படிக்கப் போறா?" என்றார். சரிங்க சார் என்றேன்.

நாளையும் முதல் வேலை இதழுக்குத்தான். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதப் போகிறேன். சாரிடம் சொல்லவில்லை.