லோன்றிப் போத்தல்கள்

ஜூன் 15, ஞாயிறு

காலையில் அப்பம், பின்னேரம் பீர். உடுப்புக் கூடையை விறாந்தைக்கு அனுப்பிவிட்டு, உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறை முழுக்கப் போத்தல் அடுக்கியிருக்கிறேன்.

மதுசாரம் இல்லாத பீர். இதற்கென்று தனியாக ஒரு ஈஸ்ட் விற்கிறார்கள். அது முளைவிட்ட பார்லி மோல்ற்றில் உள்ள சீனியைத் தொடாதாம். பீரின் மணம் வரும், கசப்பு வரும், வெறி வராது. என் புருஷன் அருந்தவன் குடியை விட்டு இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு ஒருவருடைய கொண்டாட்டத்துக்கும் மனிதர் வருவதில்லை. "கையில ஒண்டும் இல்லாமல் நிக்கேலாது சயந்தி." அடுத்த மாதம் அவருக்கு ஐம்பது. அன்றைக்கு நாலு பேர் வரட்டும், இவர் கையிலும் ஒரு கிளாஸ் இருக்கட்டும்.

கடையிலேயே வாங்கியிருக்கலாம்தான். எனக்குத்தான் எதையும் சும்மா வாங்கி வைக்க மனம் வராதே.

ஜூன் 17

எப்போது குடிக்கலாம் என்று கேட்டார். ஆறுதலாக, ஒரு கிழமை போகட்டும் என்றேன். சிரித்தார். இந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம்.

ஜூன் 21, சனி

ஒரு போத்தல் வெடித்துவிட்டது. வொஷிங் மெஷினுக்குப் பின்னால், துவாயில், எங்கும் கண்ணாடி. மகள் வினுஷா வந்து பார்த்துவிட்டு, "மம், இஸ் இட் சப்போஸ்ட் டு டூ தட்?" என்றாள்.

இல்லை பிள்ளை. இல்லை.

கையுறை போட்டுக்கொண்டு இன்னொன்றைத் திறந்தேன். நுரை கூரையைத் தொட்டது. மிஞ்சியதில் ஒரு வாய் குடித்தேன். இனிப்பே இல்லை. தொண்டையில் அந்தச் சூடு — எனக்குத் தெரியாத சூடா? அடர்த்தியை அளந்தேன். மூன்று வீதத்துக்குக் கிட்ட மதுசாரம்.

குசினியில் நின்று யோசித்தேன். அகப்பை. காலையில் அப்ப மாவு கலக்கிய அதே நீட்டு பிளாஸ்ரிக் அகப்பையால்தான் பின்னேரம் பீரையும் கலக்கினேன். பைப் தண்ணீரில் அலசியதோடு சரி. அப்ப மாவின் ஈஸ்ட்டுக்கு எந்தச் சீனியும் ஒன்றுதான், எல்லாவற்றையும் தின்னும். கிளேட்டனில் லாப் வேலை, கிழமைக்கு ஐந்து நாள் கிருமியோடு சீவியம். வீட்டில் ஒரு அகப்பையை அவிக்கத் தெரியவில்லை எனக்கு.

பிறகுதான் கண்ணில் பட்டது. முன்வரிசையில் மூன்று போத்தல் இல்லை.

அவர் வேலைக்குப் போயிருக்கிறார். கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? அறியாமல் குடித்திருந்தால், அதில் மதுசாரம் இருக்கிறதென்று நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். அறிந்து குடித்திருந்தால்?

ஜூன் 22

நேற்று அவர் வந்த சத்தம் கேட்டதும் கதவடிக்குப் போனேன். பையை வாங்குகிற சாட்டில் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். புதினா மின்ற் மணம். எப்போதும் மின்ற் சாப்பிடுகிறவர்தானே. எப்போதுமா?

ஜூன் 24

காரின் டிக்கியைத் திறந்து பார்த்தேன். குப்பைத் தொட்டியையும். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததும் நிம்மதியாக இல்லை. அந்தப் பழைய வருடங்களில் செய்தது எல்லாம் கை மறக்காமல் வைத்திருக்கிறது.

பின்னேரம் மீண்டும் கதவடி. வினுஷா சோபாவில் இருந்தபடி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மம், ஆர் யூ ஸ்மெல்லிங் அப்பா அகெய்ன்?"

அவருக்கும் கேட்டிருக்கும். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு குனிந்தே நின்றார்.

ஜூன் 25

இன்றைக்கும் கேட்கவில்லை. சோற்றை இரண்டு தரம் கருக்கினேன்.

ஜூன் 26, வியாழன்

லீவு போட்டுவிட்டு மிச்சப் போத்தல் எல்லாவற்றையும் திறந்து வெளியே மழைத்தண்ணிக் கானுக்குள் ஊற்றினேன். கடைசிப் போத்தல் கையில் இருக்கும்போது அவர் வந்துவிட்டார். சீக்கிரம் வந்திருக்கிறார். ஏன் சீக்கிரம்?

"அப்ப மாவு அகப்பையால கலக்கிப் பிழைச்சுப் போச்சு," என்றேன். "இதில மதுசாரம் இருக்கு."

"தெரியும்."

படியில் இருந்தார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "முதலாவதை அறியாமல் குடிச்சனான். ரெண்டாவதை அறிஞ்சுதான் குடிச்சனான். மூண்டாவதைத் திறந்துபோட்டுத் தேசிமரத்தடியில ஊத்தினனான்."

கோபமா பயமா என்று தெரியவில்லை, கத்தவேண்டும் போலிருந்தது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் உம்மைத்தான் பேசுவீர். நானும் பேசவிட்டிருப்பன். அவள்தானே செய்து தந்தவள் எண்டு பழியை உம்மில போட்டிட்டு இன்னும் குடிச்சிருப்பன்." வெறும் போத்தல் ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "முதலாவது அகப்பையோ என்னவோ, அது உம்மட பிழை. ரெண்டாவது என்ரை. அதை நீர் எடுக்காதேயும்."

"கதவடியில என்னை மணந்து பாக்கிறதும் தெரியும்," என்றார். "பாரும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவர் அப்படிச் சொன்னபோதுதான் அழுகை வந்தது. இவ்வளவு நாளும் வராத அழுகை.

ஜூன் 28

குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டாராம். இரண்டு வருடமும் போய்விட்டது, திரும்ப முதலாம் நாளிலிருந்து எண்ண வேண்டும். வரும்போது முகம் வெளிறியிருந்தது. ஆனால் நல்லாய்ச் சாப்பிட்டார்.

ஜூலை 12, சனி

ஐம்பது. பெரிதாக ஒன்றும் இல்லை. த பேசினில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தோம். பின்னேரம் இவரின் கூட்டாளி கணேசலிங்கம் அண்ணையும் மனைவி பவளம் அக்காவும் மட்டும் வந்தார்கள். அப்பம் சுட எனக்கு இன்னும் மனம் வரவில்லை, இடியப்பம்.

அண்ணை கொண்டுவந்த பீரைத் திறந்துகொண்டே, "உனக்கு என்னடாப்பா?" என்றார். நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

"எனக்குத் தேத்தண்ணி. போன மாசம் வழுக்கிப்போட்டன் அண்ணை, திரும்பத் தொடங்கியிருக்கிறன்." இவ்வளவு காலத்தில் வெளியாள் முன்னால் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணை தன் போத்தலை மூடி வைத்துவிட்டு, தனக்கும் தேத்தண்ணி கேட்டார்.

அண்ணையின் கார் வேர்க்ஷொப்பில். ஆகவே இவர்தான் இருவரையும் மல்கிரேவில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வரக் கொஞ்சம் சுணங்கியது. கார் வந்த சத்தம் கேட்டது. நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன், கதவடிக்குப் போகாமல் கழுவிக்கொண்டே இருந்தேன். அவர் தானே கதவைத் திறந்து வந்து, துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினார்.