பத்து விநாடி

அக்டோபர் 8, 07:00
நிலவின் தென்முனை, இரண்டாம் தளம். எழுதுவது பொறியாளர் சண்பகவல்லி. காற்று சீர். வெப்பம் சீர். சூரியப் புயல் எச்சரிக்கை வந்திருக்கிறது. முப்பது கிலோமீட்டர் தள்ளி முதல் தளத்தில் ராயப்பன். இந்தப் பக்கம் வேறு மனித வாடையே கிடையாது.

அக்டோபர் 8, 15:20
புயல் அடித்து ஓய்ந்தது. காற்றுக் கணினியும் வெப்பக் கணினியும் செத்துவிட்டன. ரேடியோக் கணினி மட்டும் பிழைத்தது. கையில் இருப்பதோ ஒரே பென்டிரைவ். அதிலேயே காற்று, வெப்பம், ரேடியோ மூன்றின் இயங்குதளங்களையும் ஏற்றுகிறேன். செருகிவிட்டுக் கணினியைப் போட்டால் மெனு வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நடுவில் நான் மயங்கி விழுந்தால் தேர்ந்தெடுக்க இங்கே யார் இருக்கிறார்கள்? அதனால் பத்து விநாடி யாரும் தொடாவிட்டால் கணினியின் வட்டை அழித்துவிட்டு மெனுவின் முதல் வரியான காற்று தானே ஏறிக்கொள்ளும்படி அமைத்தேன். கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 8, 19:45
இரண்டும் உயிர் பெற்றன. மூச்சு விடுகிறேன்.

ராயப்பன் அழைப்பு: "யக்கா, இங்கன காத்து மெஷின் சுத்தமா படுத்துட்டு. வண்டிய எடுத்துட்டு ஒங்ககிட்டயே வாரேன். மேப்பும் போச்சு. ஒங்க சிக்னல்தான் எனக்கு வழி, விட்டுராதீய. வேல முடிஞ்சதும் அந்தப் பென்டிரைவ பிடுங்கி வச்சிருங்க, என்ன?"

மேடு பள்ளத்தில் வண்டி ஊர்ந்து வர கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், அதில் நாளை மாலை வரைதான் காற்று. பிறகு அவன் தளத்தைச் சரிசெய்ய அதற்கான இயங்குதளத்தையும் சேர்க்கலாமே என்று பென்டிரைவை மறுபடி ரேடியோக் கணினியில் செருகினேன்.

அக்டோபர் 9, 10:30
இன்று ஆயுத பூஜை. ராயப்பன்: "பள்ளத்துக்குள்ள எறங்குற எடத்துல நிக்கேன். பேட்டரி மாத்த அர மணி நேரம் ஆவும். பொரிகடலையில எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைங்க."

பொரிக்கு எங்கே போவேன்? ஒரு பொட்டலம் பொட்டுக்கடலை இருக்கிறது. பாதி அவனுக்கு. ஏழு மாதமாகத் தனியாகவே சாப்பிடுகிறேன். எதிரே ஒரு ஆள் உட்காரப் போகிறான் என்ற நினைப்பே வயிற்றை நிறைக்கிறது.

அக்டோபர் 9, 11:05
கோவில்பட்டியில் அப்பாவின் லேத் பட்டறையில் ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்க மாட்டார்கள். நிறுத்தித்தான் வைப்பார்கள். ராயப்பனின் வண்டி நின்றுதானே இருக்கிறது, இப்போது சிக்னல் வேண்டாமே என்று ரேடியோக் கணினியை நிறுத்தினேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். திரும்பப் போட்டுவிட்டு அடுத்த கணினிக்குப் பொட்டு வைக்கப் போனேன்.

பென்டிரைவைப் பிடுங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் திரையில் "காற்று மண்டலம் நிறுவப்படுகிறது."

அக்டோபர் 9, 12:40
ரேடியோவை மறுபடி ஏற்றிவிட்டேன். புத்தம் புதிதாக இருக்கிறது. "அறிமுகமான நிலையங்கள்: ஏதுமில்லை." ராயப்பனின் வண்டி என்னை அடையாளம் காணும் சாவி அழிந்த வட்டில்தான் இருந்தது. அவன் குரல் பொது அலைவரிசையில் எனக்குக் கேட்கிறது. என் குரலை அவன் வண்டி அறியாத நிலையம் என்று தள்ளிவிடுகிறது.

"யக்கா, சத்தத்தையே காணும். தூங்கிட்டியளா?"

இல்லப்பா. இல்ல.

அக்டோபர் 9, 14:10
"சிக்னலும் இல்ல. சரி, நான் பாட்டுக்கு வாரேன். நீங்க நல்லா இருக்கியள்லா?"

தொண்டை கட்டும்வரை கத்தினேன். சுவர்தான் கேட்டது.

அக்டோபர் 9, 15:35
ஜன்னலில் அவன் விளக்கின் வெளிச்சம், எதிர்ச் சரிவில் விழுகிறது! அவன் பள்ளத்தின் நடுவில். தளத்தின் விளக்குகளை அணைத்து அணைத்துப் போட்டேன். இடையில் பாறை மேடு, அவன் கண்ணுக்குத் தளத்தை மறைக்கிறது. இடப்பக்கம் திரும்ப வேண்டியவன் வலப்பக்கம் திரும்பிவிட்டான். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. இருட்டுதான்.

"யக்கா, காத்து கொஞ்சந்தான் இருக்கு. பக்கத்துலதான இருக்கிய?"

அக்டோபர் 9, 15:50
உடுப்பு மாட்டிவிட்டேன். டார்ச்சும் அவனுக்கு ஒரு காற்று சிலிண்டரும் எடுத்துக்கொண்டேன். என் காற்று போவதற்குப் போதும், திரும்பி வருவதற்குக் காணாது. ஆனாலும் அவனைத் தனியாக விட முடியவில்லை. கையுறை தட்டச்சுக்கு ஒத்துவரவில்லை, கழற்றிவிட்டு அடிக்கிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: பென்டிரைவ் மேசை மேல், பொட்டுக்கடலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்து விநாடியை நீக்கிவிட்டேன். இனி அந்த மெனு தானாக எதையும் செய்யாது. யாராவது வந்து தொடும்வரை காத்திருக்கும்.