மாட்டுக்குப் பின்னால் ஒரு மாம்பழ நிறம்

டிசம்பர் 23, இரவு

இடுப்பு விட்டுப்போகிறது. ஆனாலும் இதை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

நாத்தனார் ஸ்டெல்லா பண்டிகைக்கு வருகிறாளே என்று, மாமியார் விட்டுப்போன சேலைகளைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து, அவளுக்கு ஒரு போர்வை தைத்து வந்தேன். அடித்துணி வைத்துத் தைப்பதுதான் பாக்கி. காலையில் அதைத் தையல் மிஷின் மேல் போட்டுவிட்டு முறுக்கு சுடப் போனேன்.

திரும்பி வந்தால் கூடத்தில் கிறிஸ்துமஸ் குடில் நிற்கிறது. என் போர்வையை மைதாப் பசையில் முக்கி, நாற்காலிகள் மேல் போர்த்தி, கறுப்பு பெயிண்ட் அடித்து, பெத்லகேம் மலையாக்கி வைத்திருக்கிறார் இவர்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீக?"

"ஒட்டுப்போட்ட பழந்துணிதானே? சாக்கைவிட அழகா மடிப்பு விழுந்திருக்கு பாரு."

அவர் அம்மாவின் சேலை என்று அவருக்கே தெரியவில்லை. கத்தத் தெம்பில்லை. பசை வாளியைக் கழுவி வைத்தேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். குடிலுக்குள் குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெயிண்ட் எட்டாத உட்பக்கம், பொம்மை மாட்டுக்குப் பின்னால், ஒரு மாம்பழ நிறக் கட்டம் தெரிந்தது.

"அண்ணே, இது அம்மா பூசைக்குக் கட்டுற சேலையில்ல?"

இவர் என்னைப் பார்த்தார். "ஒனக்குன்னு தச்ச போர்வை, ஸ்டெல்லா" என்றேன்.

கண் சொருகுகிறது. இவர் இன்னும் குடில் விளக்கை அணைக்கவில்லை. மாட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்.